எல்லாம் சேர்த்த பேக்கேஜ்ல போனோம், அப்பாவுக்கு உடம்பு முடியாம போச்சு. அடுத்த தடவை சாப்பாடு, தண்ணி விஷயத்துல என்ன செய்யலாம்?

லயத்துவீடு | சனி, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஊர் மலேசியாவுல சுங்கை சிப்புட். அப்பா அம்மா ரெண்டு பேரும் பால்மரம் சீவினவங்க. தோட்டம் செம்பனைக்கு மாறி, நாங்க இருந்த லயத்தையும் (தொழிலாளர் வரிசை வீடு) இடிச்ச பிறகு டவுன் பக்கத்துத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்துட்டோம். அப்பாவுக்கு 73 வயசு. 14 வருஷமா இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கு. காலைல கிளிக்ளாசைட் மாத்திரை, ராத்திரி இன்சுலின்.

போன பள்ளி விடுமுறைல அண்ணன், அக்கா, நான்னு மூணு குடும்பம், 13 பேர், ஒரு கடற்கரை விடுதிக்குப் போனோம். மூணு நாள் ரெண்டு ராத்திரி. ஆளுக்கு 890 வெள்ளி (ரிங்கிட்). அதுக்காகவே ஒரு வருஷம் கூட்டு (சீட்டு) கட்டி எடுத்தோம். மூணு வேளைச் சாப்பாடு, சாயங்காலத் தேத்தண்ணி, பார்ல குடிக்கிறது எல்லாம் அந்தக் காசுலயே அடங்கும். கைல ஒரு பட்டை கட்டி விட்டுடறாங்க, அப்புறம் பர்ஸையே தொட வேணாம்.

முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் போனப்போ அப்பா வாசல் பக்கத்து மேசையிலேயே உட்கார்ந்துட்டார். அவ்வளவு நீளத்துக்கு வச்சிருந்த சாப்பாட்டு முன்னால தட்டு ஏந்திட்டு நிக்க அவருக்குக் கூச்சம். "நீங்களே எடுத்துட்டு வாங்கய்யா" அப்படின்னார். அண்ணன் பிரியாணியும் ஆட்டுக்கறியும் கொண்டு வந்தான். அக்கா இறால் உரிச்சு வச்சா. என் வீட்டுக்காரி புட்டிங் எடுத்து வந்தா. பேரப்பிள்ளைங்க ஆளுக்கொரு கிண்ணம் ஐஸ்கிரீம். நான் ரெண்டு கிளாஸ் பாண்டோங் (பால் ஊத்தின ரோஜா சர்பத்). ஒவ்வொருத்தரும் கொஞ்சம்தான் வச்சோம். ஆனா ஆறு பேர் வச்ச கொஞ்சத்தையும் அவர் ஒருத்தரே சாப்பிட்டார். தட்டுல ஒரு பருக்கை விட மாட்டார் அப்பா. கடைசியா சுண்டு விரலால ஓரத்தை வழிச்சு வாயில வச்சுட்டுத்தான் தட்டைத் தள்ளி வைப்பார். படுக்கப் போறப்போ மெஷின்ல ரத்தச் சீனி பார்த்தேன், 19.4 மில்லிமோல், ரொம்ப அதிகம்.

மறுநாள் காலை அவரே சீக்கிரம் எழுந்து மாத்திரை போட்டுக்கிட்டு என்கூட பசியாற வந்தார். ரூம்ல பேரன் தூங்கிட்டு இருந்தான். அவனுக்காக ரெண்டு சின்ன பன்னை டிஷ்யூல சுத்தி சட்டைப் பையில வச்சுக்கிட்டார். அவர் இன்னும் எதுவும் சாப்பிடல, கோப்பி மட்டும் குடிச்சார். முதல்ல பேரனுக்குக் கொடுத்துட்டு வந்து சாப்பிடறேன்னு கிளம்பினார். வாசல்ல ஒரு பணியாளர் நிறுத்தி, வெளியில கொண்டு போகக் கூடாது, எடுத்து வைங்கன்னு சத்தமா சொன்னார். பின்னால ஆள் நிக்குது. அப்பா ஒரு வார்த்தை பேசல. ரெண்டு பன்னையும் எடுத்துப் பக்கத்து மேசைல வச்சார். டிஷ்யூவை நாலா மடிச்சு அதுக்குப் பக்கத்துலயே வச்சார்.

அதுக்கப்புறம் அவர் அந்தச் சாப்பாட்டு அறைக்கு வரவே இல்ல. "பசிக்கல" அப்படின்னார். மத்தியானம் ஒண்ணரை மணிக்கு ரூம்ல வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, என்னையே யாருன்னு தெரியாம பார்த்தார். மெஷின்ல 2.9. அம்மா சீனித் தண்ணி கரைச்சுக் கொடுத்துத்தான் தெளிஞ்சார்.

வருஷக் கடைசில திரும்பப் போகலாம்ன்னு அண்ணன் சொல்றான். அவன் வேற காலைல 11 மணிக்கு பார் திறந்ததுல இருந்து மூடற வரைக்கும் அங்கேயே இருந்தான். நான் அப்பாவைக் கூட்டிட்டுப் போகவா, வேணாமா? போனா எப்படிச் சாப்பிட வைக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

தாமான்_தம்பி | சனி, இரவு 9:51

அண்ணே, கேக்கவே கஷ்டமா இருக்கு. அப்பா இப்ப நல்லா இருக்காருல்ல?

ஆனா ஒண்ணு. 890 வெள்ளி கட்டிட்டு அங்க போயும் அளந்து சாப்பிடுன்னா யார் கேப்பா? வருஷத்துல மூணு நாள். எங்க வீட்லயும் அப்படித்தான், கட்டின காசுக்கு ஈடு பண்ணணும்ன்னு ஒரு வேளை கூட விட மாட்டோம்.

நர்ஸ்_அக்கா | சனி, இரவு 11:20

தம்பி லயத்துவீடு, நான் அரசாங்க கிளினிக்ல 26 வருஷம் வேலை செஞ்சு ஓய்வெடுத்தவ. உங்க அப்பாவுக்கு நடந்தது ரெண்டு வேற வேற விஷயம். 19.4 உங்களைப் பயமுறுத்தியிருக்கு. எனக்கு அதைவிடப் பயம் அந்த 2.9 தான்.

கிளிக்ளாசைட் என்ன செய்யும்ன்னா கணையத்தைப் பிடிச்சு இன்சுலின் சுரக்க வைக்கும். சோறு வருதா வரலையான்னு அது பார்க்காது. முதல் நாள் ராத்திரி போட்ட இன்சுலினும் உடம்புல இருக்கு. காலைல மாத்திரையைப் போட்டுட்டு வெறும் கோப்பியோட மத்தியானம் வரைக்கும் இருந்தா ரத்தத்துல சீனி இறங்கத்தான் செய்யும். 4-க்குக் கீழ வந்தாலே நாம சும்மா இருக்கக் கூடாது. உங்க அம்மா செஞ்சது ரொம்பச் சரி. 15 கிராம் சீனி, அதாவது மூணு தேக்கரண்டி, தண்ணில கரைச்சுக் கொடுத்து 15 நிமிஷம் கழிச்சு திரும்பப் பார்க்கணும். ஏறலைன்னா இன்னொரு தடவை. ஏறினதும் ரெண்டு பிஸ்கட்டோ ரொட்டியோ கொடுக்கணும், இல்லைன்னா திரும்ப இறங்கும். அந்த நேரத்துல சாக்லேட், ஐஸ்கிரீம் கொடுக்காதீங்க. அதுல இருக்கிற கொழுப்பு சீனியை ரத்தத்துல சீக்கிரம் சேர விடாது. ஆள் நினைவு இல்லாம இருந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, 999 கூப்பிடுங்க.

பிரியாணி, ஆட்டுக்கறி விஷயமும் இதே கதைதான். நெய்யும் கொழுப்பும் சேர்ந்த சோறு மெதுவா ஏறி நேரம் கழிச்சு உச்சத்துக்குப் போகும். சாப்பிட்ட உடனே பார்த்து "பரவாயில்ல"ன்னு நினைச்சுப் படுத்துடுவாங்க, நடுராத்திரில தாகம் எடுத்து எழுந்திருப்பாங்க.

தாமான் தம்பிக்கு ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வுல நம்ம நாட்டுல 18 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 18.3 விழுக்காடு பேருக்கு நீரிழிவு. இந்தியர்கள்ல மட்டும் 31.4. பத்துப் பேர்ல மூணு பேர். 13 பேர் போற குடும்பத்துல அப்பா ஒருத்தருக்குத்தான் இருக்குன்னு நினைக்கறீங்க, மத்தவங்க யாராவது சோதிச்சுப் பார்த்தீங்களா?

போறதுக்கு ரெண்டு வாரம் முன்னால கிளினிக்ல போய், இப்படி ஒரு பயணம் இருக்கு, சாப்பாட்டு நேரம் மாறும்ன்னு டாக்டர்கிட்ட சொல்லி மாத்திரை அளவைக் கேளுங்க. நீங்களா கூட்டிக் குறைக்காதீங்க. மாத்திரை அறையில வேணாம், சாப்பாட்டு மேசைல தட்டு முன்னால வந்த பிறகு போடட்டும். இன்சுலினைக் கார்ல விட்டுட்டுக் கடற்கரைக்குப் போயிடாதீங்க, வெயில்ல கெட்டுப் போகும். ஓட்டல் குளிர்ப்பெட்டில வச்சா ஐஸ் கட்டற இடத்துக்குப் பக்கத்துல வைக்காதீங்க. உறைஞ்ச இன்சுலின் வீண்.

கரும்பலகை | ஞாயிறு, காலை 6:45

தோட்டப்புறப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன். இந்த இழையைப் படித்துவிட்டு இரவு தூக்கம் வரவில்லை.

உங்கள் தந்தை தட்டை வழித்துச் சாப்பிடுவது பேராசையால் அல்ல. அவரைப் பெற்றவர்கள் ஜப்பான்காரன் காலத்தில், 1942 முதல் 1945 வரை, மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தவர்களாக இருப்பார்கள். என் பாட்டி சாகும்வரை கிழங்கைத் தொடவில்லை. ஆனால் கீழே சிந்திய சோற்றை ஒவ்வொரு பருக்கையாகப் பொறுக்கிக் கழுவிச் சாப்பிடுவார். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்கு மிச்சம் வைப்பது பாவம். அளந்து வடித்த சோற்றில் அந்தப் பழக்கம் அவரைக் காப்பாற்றியது. எடுக்க எடுக்க நிரப்பி வைக்கும் இடத்தில் அதே பழக்கம் அவர் மேல் பாய்கிறது. ஆகையால் அவரிடம் "மிச்சம் வையுங்கள் அப்பா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவரால் முடியாது. தட்டில் வைப்பதைத்தான் குறைக்க வேண்டும்.

எல்லாம் சேர்த்த விடுமுறை என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லி விடுகிறேன். 1950-இல் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்து கிளப் மெட் என்ற விடுமுறை நிறுவனம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். பஞ்சத்தைப் பார்த்து வந்த ஐரோப்பியர்களுக்கு, ஒரே தொகை கட்டிவிட்டு வயிறார உண்ணலாம் என்பது எவ்வளவு பெரிய செய்தியாக இருந்திருக்கும்! அங்கும் முன்பு பாரில் குடிப்பதற்குத் தனிக் கணக்குதான். கழுத்தில் கோத்த மணிகளைக் கொடுத்து வாங்க வேண்டும். நம் நாட்டில் பகாங் செராத்திங்கிலும் அவர்களுக்கு ஒரு விடுதி உண்டு. அதே மயோர்க்கா இருக்கும் பாலியாரிக் தீவுகளின் அரசு, குடித்துவிட்டு மாடியிலிருந்து விழுபவர்களும் தெருவில் சண்டை போடுபவர்களும் பெருகியதால், 2020-இல் சட்டம் போட்டது. குடிச்சுற்றுலாவுக்குப் பேர்போன சில பகுதிகளில், எல்லாம் சேர்த்த தொகைக்கு ஒருவருக்கு ஒரு நாளில் ஆறு மதுபானம்தான். மதியச் சாப்பாட்டோடு மூன்று, இரவுச் சாப்பாட்டோடு மூன்று. தொடங்கிய ஊரே எல்லை கட்ட வேண்டி வந்தது.

பான்கெட்_சமையல் | ஞாயிறு, காலை 10:08

அண்ணே, நான் 17 வருஷமா ஓட்டல் சமையல்கட்டுல இருக்கேன், பெரும்பாலும் பஃபே வேலைதான். முதல்ல அந்த பன் விஷயம்.

வெளியில கொண்டு போக விடாததுக்குக் காரணம் இருக்கு. சூடான சாப்பாட்டை 60 டிகிரிக்கு மேல வைக்கணும், குளிர்ந்ததை 5-க்குக் கீழ. நடுவுல இருக்கிற சூட்டுல கிருமி வேகமாப் பெருகும். நாங்க மேசைல நேரம் பார்த்துத் தூக்கிடுவோம். ஒருத்தர் முட்டை சாண்ட்விச்சைப் பையில வச்சு, கடற்கரை வெயில்ல நாலு மணி நேரம் கழிச்சுப் பிள்ளைக்குக் கொடுத்து, அந்தப் பிள்ளைக்கு வாந்தி பேதின்னா எங்க சமையல்கட்டுக்குத்தான் விசாரணை வரும்.

அதுக்காக ஒரு பெரியவரை வாசல்ல நிறுத்தி, நாலு பேர் முன்னால பையில கை விட வைக்கறதா? என் அப்பாவா இருந்தா நான் அழுதுருப்பேன். பக்கத்துல போய், "ஐயா, ரூம்ல பிள்ளை தூங்குதா, நம்பர் சொல்லுங்க, ஒரு தட்டு அனுப்பி வைக்கறேன்" அப்படின்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாங்க அனுப்புவோம். அடுத்த தடவை நீங்களே கேளுங்க, கேக்கறதுக்கு வெக்கப்படாதீங்க.

இப்ப சாப்பாடு. எந்த பஃபேயிலயும் முதல்ல உங்க கைக்கு எட்டறது சோறு, மீ (நூடுல்ஸ்), பொரிச்சது, ரொட்டி. அங்கேயே தட்டு நிறைஞ்சுடும். மீன், கறி வெட்டித் தர்ற இடம் கடைசிலதான் இருக்கும், ஏன்னா அதுதான் எங்களுக்குக் காசு. அதனால தட்டை எடுக்காம முதல்ல ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அப்பாவையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. எது எது இருக்குன்னு அவரே பார்க்கட்டும். அப்புறம் இனிப்பு வைக்கற சின்னத் தட்டு அடுக்கி இருக்கும், அதுல எடுங்க. அரிசிச் சோறு வேணும்ன்னா திறந்த முதல் அரை மணி நேரத்துல எடுங்க. ரொம்ப நேரம் வெதுவெதுப்பா இருந்த சோறு வயித்துக்கு ஆகாது.

புரட்டாசி_அம்மா | ஞாயிறு, காலை 11:30

நான் வெள்ளிக்கிழமையும் புரட்டாசி முழுக்கவும் சைவம். பஃபேல "சாயூர்"ன்னு எழுதியிருந்தா சைவம்ன்னு நம்பி ஏமாறாதீங்க. கங்கோங் கீரைல பெலாச்சான் (இறால் விழுது) இருக்கும், கலந்த காய்கறில சிப்பிச் சாறு ஊத்தியிருப்பாங்க, சம்பல்ல நெத்திலி. அவங்க ஏமாத்தல, அவங்க கணக்குல அது காய்கறிதான். "வெஜிடேரியன்"ன்னு மட்டும் கேக்காம பெலாச்சான், ஈக்கான் பீலீஸ் (நெத்திலி), சோஸ் தீராம் (சிப்பிச் சாறு) மூணும் வேணாம்ன்னு பேர் சொல்லிக் கேளுங்க. "டாகிங்"ன்னு போட்டிருந்தா நம்ம ஊர்ல மாட்டிறைச்சி. முன்கூட்டியே சொன்னா தனியா ஒரு பருப்பு, ஒரு பொரியல் செஞ்சு தந்தாங்க. எனக்கு அது போதும்.

செம்பருத்தி | ஞாயிறு, மதியம் 2:17

எல்லாரும் அப்பா சாப்பாட்டைப் பத்தியே பேசறீங்க. காலைல 11 மணிக்கு பார்ல உட்கார்ந்த அண்ணனைப் பத்தி யாரும் வாயைத் திறக்கல. ஆம்பளைங்க குடிச்சா அது விடுமுறை, இல்ல?

என் வீட்டுக்காரர் ஊர்ல இருக்கும்போது சனிக்கிழமை ரெண்டு பீரோட நிறுத்திக்குவார், ஏன்னா காசு எண்ணிக் கொடுக்கணும். கைப்பட்டை கட்டின இடத்துல நிறுத்தறதுக்கு ஒண்ணுமே இல்ல. "சும்மாதானே" அப்படின்னு ஒண்ணு, திரும்ப "சும்மாதானே" அப்படின்னு ஒண்ணு. சும்மா இல்ல, ஒரு வருஷம் நான் கட்டின கூட்டு அது. போன வருஷம் அவர் குடிச்சுட்டு ஏழு வயசுப் பொண்ணைத் தோள்ல தூக்கிக்கிட்டுக் கடல்ல இறங்கினார். இடுப்பளவுத் தண்ணிதான். ஒரு அலை. பொண்ணு தண்ணிக்குள்ள போய் நான் தூக்கறதுக்குள்ள என் உயிர் போய் வந்தது. அந்த மூணு நாள்ல எனக்கு ஞாபகம் இருக்கிறது அவ தலைமுடி தண்ணில விரிஞ்சு மிதந்தது மட்டும்தான்.

19 வயசு மாமா பையனுக்கும் அங்க பெரியவங்க பட்டையைத்தான் கட்டினாங்க. 2017 டிசம்பர்ல இருந்து நம்ம நாட்டுல 21 வயசு ஆகாதவங்களுக்கு மது விக்கக் கூடாது. யார் கேட்டா?

எங்க பாட்டி கெடாக்காரங்க. பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துல 1947-ல கள்ளுக்கடையை எதிர்த்து தொண்டர் படை நின்னதை அவங்க கதை கதையா சொல்வாங்க. சம்பள நாள் அன்னிக்கு லயத்துக்கு வராம கள்ளுக்கடைக்குப் போன காசுக்காகப் பொம்பளைங்க அழுத காலம் அது. நாம அதுல இருந்து படிச்சு மேல வந்தோம். இப்ப காசை முன்கூட்டியே கட்டிட்டு அதே கடைக்குக் குடும்பத்தையும் கூட்டிட்டுப் போறோம்.

நர்ஸ்_அக்கா | ஞாயிறு, மாலை 5:02

செம்பருத்தி, உங்க பொண்ணு நல்லா இருக்கணும். நீங்க சொன்னதோட ஒண்ணு சேர்க்கிறேன். 320 மில்லி பீர் கேன் ஒண்ணு, 5 விழுக்காடுன்னா, அதுல சுத்த ஆல்கஹால் 12, 13 கிராம் இருக்கும். கேன் வாங்கினா எத்தனைன்னு எண்ணலாம். பார்ல ஊத்திக் கொடுக்கறப்போ கணக்கே தெரியாது, காக்டெயில்ல இனிப்பு மறைச்சுடும்.

அப்பாவுக்கு யாராவது "ஒரே ஒரு பெக்"ன்னு நீட்டினா தயவு செஞ்சு தடுத்துடுங்க, தம்பி. சீனி இறங்கும்போது அதை ஏத்தி விடற வேலை கல்லீரலுக்கு. மது உள்ள போனா கல்லீரல் முதல்ல அதைத்தான் கவனிக்கும். கிளிக்ளாசைட், இன்சுலின் எடுக்கறவங்களுக்குக் குடிச்சுப் பல மணி நேரம் கழிச்சுக் கூட, மறுநாள் காலைல கூட, சீனி விழலாம். வேர்வை, தடுமாற்றம், குழறல் எல்லாம் பார்த்துட்டு போதைன்னு நினைச்சுத் தூங்க விட்டுடுவாங்க. அப்படிக் கொண்டு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

தாமான்_தம்பி | ஞாயிறு, இரவு 8:36

நேத்து நான் அவசரப்பட்டு எழுதிட்டேன். பெரியவர் பன்னை எடுத்து வச்ச இடத்தைத் திரும்பத் திரும்பப் படிச்சேன்.

ஆனாலும் போகாதீங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க அம்மாவுக்கு 61 வயசு. விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வச்சுட்டு ஆறு மணிக்கு மரத்துக்கிட்ட நின்னவங்க. நாங்க போன விடுதில முதல் நாள் பசியாறப் போனப்போ அம்மா தட்டோட நின்னு, முட்டை போடற பையனையே பார்த்துட்டு இருந்தாங்க. என்னம்மான்னு கேட்டேன். "எனக்கு ஒருத்தர் முட்டை பொரிச்சுக் கொடுக்கறது இதுதாண்டா முதல் தடவை" அப்படின்னாங்க. நான் கட்டின காசுல எனக்கு ஞாபகம் இருக்கிறது அந்த ஒரு முட்டைதான். மத்த மூணு நாளும் என்ன தின்னேன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

லயத்துவீடு | திங்கள், இரவு 10:25

எல்லாருக்கும் நன்றி. நர்ஸ் அக்கா, நேத்தே அண்ணனையும் அக்காவையும் கூப்பிட்டு அப்பா மெஷின்ல சோதிச்சேன். அண்ணனுக்குச் சாப்பிடாம 8.7. அவனுக்கு 44 வயசு. நாளைக்கு கிளினிக்ல ரத்தம் எடுக்கப் போறான். செம்பருத்தி அக்கா எழுதினதை அவன்கிட்டயே காட்டினேன். படிச்சுட்டு ஒண்ணும் பேசல. அப்புறம், பட்டை வேணாம், சாப்பாடு மட்டும் சேர்ந்த பேக்கேஜா பாரு அப்படின்னான். அதுல ஆளுக்கு 200 வெள்ளி குறையுது.

ஆசிரியர் ஐயா சொன்ன மாதிரி அப்பாகிட்ட உட்கார்ந்து பேசினேன். அவரா பன் பேச்சை எடுத்தார். "திருடினேன்னு நினைச்சுட்டாங்கப்பா" அப்படின்னார். இத்தனை மாசமா அதை மனசுல வச்சிருந்திருக்கார். பான்கெட் தம்பி எழுதினதைச் சத்தமா படிச்சுக் காட்டினேன், அப்பாவுக்குத் தமிழ்ல எழுத்துக் கூட்டத்தான் வரும். "என் அப்பாவா இருந்தா நான் அழுதுருப்பேன்" அப்படிங்கற இடம் வந்ததும் திரும்பப் படிக்கச் சொன்னார்.

புது விடுதிக்கு இன்னிக்கு போன் போட்டேன். குளிர்ப்பெட்டி ரூம்ல இருக்காம், மேல ஐஸ் தட்டு இல்லாத வகை. பேரனுக்குக் காலைல தட்டு அனுப்புவாங்களாம், முதல் நாள் ராத்திரியே சொல்லிடணுமாம். அம்மாவுக்குப் பெலாச்சான் போடாத காய்கறிக்கும் எழுதிக்கிட்டாங்க. அப்பாவோட தட்டை இனிமே ஒரே ஒரு ஆள்தான் எடுத்து வைக்கணும்ன்னு முடிவு பண்ணோம், அது யாருன்னு வீட்ல சண்டை நடக்குது. அப்பா அதைக் கேட்டுட்டு, நானே எழுந்து போய் எடுத்துக்கறேன், எனக்கு வழி மட்டும் காட்டுங்கன்னுட்டார்.